சமையலறையில் கூடிய படிப்பு வட்டங்கள்

உரக்கடையில் கடனுக்கு எடுத்த மூட்டைக்கு என்ன வட்டி கொடுக்கிறோம் என்று கணக்கிட்டுப் பார்த்த விவசாயிகள் குறைவு. கடைக்காரர் வட்டி என்று எதையும் கேட்பதில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை என்று வைத்திருப்பார். அறுவடையானதும் நெல்லைத் தம்மிடமே போட வேண்டும் என்பார். ரொக்க விலையில் 10,000 ரூபாய் பெறுமான உரமும் மருந்தும் 11,000 ரூபாய்க்குக் கடனாக எடுத்து, நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அறுவடையில் 2,000 கிலோ நெல்லை, வெளி விலையைவிடக் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து அதே கடையில் போட்டால் அதில் 2,000 ரூபாய் போகிறது. ஆக, 10,000 ரூபாய்க்கு நான்கு மாதத்தில் 3,000 ரூபாய். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு.

இப்படிப்பட்ட கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்த மீனவர்களும் சிறு விவசாயிகளும், அதிலிருந்து தங்கள் கடன் சங்கங்களையும் விற்பனைச் சங்கங்களையும் கட்டியெழுப்பிய வரலாறு ஒன்று கனடா நாட்டில் உண்டு. அங்குள்ள கத்தோலிக்கப் பங்குகளும், ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையும் சேர்ந்து நடத்திய அந்த முயற்சிக்கு ஆண்டிகொனிஷ் இயக்கம் என்று பெயர். விரிவாக்கப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எங்களைப் போன்றோருக்கும் அதில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கடைக்காரர் எழுதிய கணக்கு

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலோரம் நோவா ஸ்கோஷியா என்ற மாநிலம் இருக்கிறது. ஆண்டிகொனிஷ் அதன் கிழக்குப் பகுதியில் உள்ள சிற்றூர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே அப்பகுதி மக்கள். மண்ணில் பாறை அதிகம், பனிக்காலம் நீண்டது. வைக்கோல் புல், உருளைக்கிழங்கு, சில ஆடுகள், ஓரிரு பசுக்கள், இவையே ஒரு சராசரிப் பண்ணை. கடலோரத்தில் மீன்பிடிப்பு, கேப் பிரெட்டன் தீவில் நிலக்கரிச் சுரங்கம். இளைஞர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வேலை தேடிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மீனவர் கையில் ரொக்கம் என்பதே அரிது. பருவம் தொடங்கும்போது வலை, கயிறு, உப்பு, மாவு ஆகியவற்றை ஊர் வியாபாரி கடனாகக் கொடுப்பார். பருவம் முடிந்ததும் மீனை அவரே எடுத்துக்கொள்வார். கொடுத்த பொருளுக்கு விலை வைப்பவரும் எடுத்த மீனுக்கு விலை வைப்பவரும் அவரே. கணக்குப் புத்தகமும் அவரிடமே இருக்கும். ஆண்டு முடிவில் மீனவர் பேரில் பாக்கி நிற்கும். அடுத்த பருவத்துக்கு மீண்டும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு மண்டிக்குக் காய் ஏற்றும் நம் தோட்டக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாற்றலாகி வந்த பாதிரியார்

ஆண்டிகொனிஷில் இருந்த பல்கலைக்கழகம் புனித பிரான்சிஸ் சேவியர் பெயரைத் தாங்கியது. 1542-க்குப் பின் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரவ மக்களிடையே ஊழியம் செய்த அதே சவேரியார்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்ற பாதிரியார். மக்கள் பல்கலைக்கழகத்தைத் தேடி வர முடியாதபோது பல்கலைக்கழகம் மக்களிடம் போக வேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்தார். 1921-ல் அதை ஒரு சிறு பிரசுரமாகவும் எழுதி வெளியிட்டார்.

மறு ஆண்டே அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். மாநிலத்தின் கல்லூரிகளை ஒன்றாக இணைக்கும் திட்டம் ஒன்று அப்போது எழுந்தது. டாம்ப்கின்ஸ் அதை ஆதரித்தார், ஆயர் எதிர்த்தார். விளைவாக 1922-ல் கான்சோ என்ற கடைக்கோடி மீனவர் ஊருக்குப் பங்குப் பாதிரியாராக அனுப்பப்பட்டார். தண்டனை என்றே பலரும் அதைக் கருதினார்கள். ஆனால் அதுவரை ஏட்டில் எழுதியதை அவர் செய்து பார்த்தது அங்கேதான். படகுத்துறையிலும் வீட்டுத் திண்ணையிலும் மீனவர்களைச் சந்தித்து, இந்த மீன் பாஸ்டனில் என்ன விலைக்குப் போகிறது, உங்களுக்கு எவ்வளவு வருகிறது, இடையில் உள்ளது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடை தெரியாதவருக்குப் படிக்க ஏதாவது ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

1927 ஜூலை 1-ஆம் நாள் கனடா நாட்டின் அறுபதாம் ஆண்டு விழா கொண்டாடப்பட்டது. கொண்டாடுவதற்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று கான்சோ மீனவர்கள் அன்றே கூட்டம் கூடிக் கேட்டார்கள். பாதிரியார்கள் பலர் அவர்களுக்குத் துணை நின்றனர். செய்தி பத்திரிகைகளில் வந்தது. மீனவர் நிலையை ஆராய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1928-ல் பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத் துறையைத் தொடங்க முடிவு செய்து, மோசஸ் கோடி என்ற பாதிரியாரை அதற்கு இயக்குநராக நியமித்தது. (அவர் பெயர்தான் கோடி, கையில் கோடி எதுவும் இல்லை.) அவர் 1882-ல் பிறந்து, கேப் பிரெட்டன் தீவின் மார்கரீ பள்ளத்தாக்கில் சிறு பண்ணையில் வளர்ந்தவர், டாம்ப்கின்ஸுக்கு உறவினர். துறைக்கு உதவியாக வந்த ஏ. பி. மக்டொனால்ட் வேளாண்மை படித்தவர். இவர்களுக்கு முன்பே அதே பல்கலைக்கழகத்தின் ஹியூ மாக்பெர்சன் என்ற பாதிரியார், உரம் இடுவது பற்றியும் ஆட்டு ரோமத்தைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்பது பற்றியும் விவசாயிகளுக்குச் சொல்லி வந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

படிப்பு வட்டம் நடந்த முறை

கோடி பாதிரியார் ஓர் ஊருக்குப் போனால் முதலில் பொதுக்கூட்டம். மாதா கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஊரே கூடும். நல்ல உயரமும் கனத்த குரலும் உடையவர், பேசத் தெரிந்தவர். ஆனால் பேச்சோடு அவர் திரும்பிவிடவில்லை. கூட்டம் கலையுமுன் அக்கம்பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர், பத்துப் பேர் என்று சிறு குழுக்களாகப் பிரிந்து பெயர் கொடுக்க வேண்டும். அதுவே படிப்பு வட்டம். தங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொண்டு, பனிக்காலத்தில் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுச் சமையலறையில் கூடுவார்கள். அடுப்பு எரிவதால் குளிருக்கு அதுதான் வசதியான இடம்.

பல்கலைக்கழகத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களும், பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்பும் நூல்களும் வந்து சேரும். எழுத்தறியாதவர் இருந்தால் ஒருவர் படிக்க மற்றவர் கேட்பார். பிறகு பேச்சு. மாதம் ஒருமுறை வட்டாரத்துப் படிப்பு வட்டங்கள் எல்லாம் ஒன்றுகூடித் தாங்கள் கண்டதைச் சொல்லும். சகோதரி மேரி மைக்கேல் என்ற கன்னியாஸ்திரி பெண்களுக்கான பணியைப் பொறுப்பேற்று நடத்தினார். குடும்பத்தின் மாவு, சர்க்கரை, துணி என்னும் செலவுக் கணக்கு பெண்களிடம் இருந்ததால், அவர்கள் வராத ஊர்களில் கூட்டுறவுக் கடை நிற்பது கடினம் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது.

எதைப் படிப்பது என்பதில் கோடி பாதிரியார் உறுதியாக இருந்தார். மக்களின் கல்வி அவர்கள் வயிற்றுப்பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். சமயம், இலக்கியம், கலை எல்லாம் அதன் பிறகு தாமே வரும் என்பது இயக்கத்தின் கொள்கைகளில் ஒன்று. அதனால் முதல் பாடம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நம் ஊரிலிருந்து வெளியே போகும் பணம் எவ்வளவு, எதற்காகப் போகிறது?

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக்கு விதை நேர்த்தியும் உயிர் உரமும் பற்றிப் பேசப் போயிருந்தேன். அசோஸ்பைரில்லம் பொட்டலம் ஏக்கருக்கு எத்தனை, நாற்றின் வேரை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கி முடித்ததும் வயதான விவசாயி ஒருவர் எழுந்தார். "ஐயா, மூட்டை யூரியா கடையில் கடனுக்கு வாங்கினால் இன்ன விலை, ரொக்கத்துக்கு வாங்கினால் இன்ன விலை. எங்களுக்கு ரொக்கம் எங்கே கிடைக்கும், அதைச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அந்தக் கடை விலையே தெரியாது. அது என் பாடத்தில் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு விடை சொல்வதையே தொழிலாகக் கொண்டது எங்கள் தவறு என்று இன்று எண்ணுகிறேன்.

லிட்டில் டோவர் மீனவர்கள்

கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்ற சிறு குப்பம். பாறைதான், பசு மேயப் புல் கிடையாது. குழந்தைகளுக்குப் பால் இல்லை. டாம்ப்கின்ஸ் பாதிரியார் அங்கே முதலில் பேசியது ஆடு வளர்ப்பைப் பற்றி. பசு மேயாத இடத்தில் வெள்ளாடு மேயும், அதன் பால் குழந்தைக்கு உதவும் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு சில ஆடுகளை வாங்கினார்கள்.

அடுத்தது சிங்கி இறால். வியாபாரி வைத்த விலைக்கு விற்றுவந்த அவர்கள், தாங்களே அதைப் பதப்படுத்தி டப்பியில் அடைத்தால் என்ன என்று படிப்பு வட்டத்தில் ஆராய்ந்தார்கள். காட்டில் மரம் வெட்டி, தங்கள் உழைப்பாலேயே கட்டடத்தை எழுப்பினார்கள். இயந்திரத்துக்கு மட்டும் கடன் வாங்க வேண்டியிருந்தது. ஆலை நடந்தது. பிற ஊர்களிலும் இத்தகைய ஆலைகள் எழுந்தன. உயிருள்ள இறாலைக் கூடையில் அடைத்து நேரே பாஸ்டன் சந்தைக்கு அனுப்பவும் மீனவர்கள் கற்றுக்கொண்டனர். இதுவரை எவ்வளவு இழந்துவந்தோம் என்பது சந்தையிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்த பிறகே பலருக்கும் விளங்கியது.

மீனவர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பை அரசு கோடி பாதிரியாரிடம் கொடுத்திருந்தது. அவர் குளிரில் ஊர் ஊராகச் சுற்றிச் சங்கங்களைத் திரட்டியதன் பயனாக 1930-ல் ஹாலிஃபாக்ஸ் நகரில் கடலோர மீனவர் கூட்டமைப்பு உருவாயிற்று. உள்நாட்டில் விவசாயிகளின் வட்டங்கள் உரம், தீவனம், மாவு ஆகியவற்றைக் கூட்டாக வாங்குவதிலிருந்து தொடங்கின. ஒரு மூட்டை வாங்குபவரின் பேச்சுக்கு இல்லாத மதிப்பு, ஒரு ரயில் பெட்டி நிறைய வாங்குபவரின் பேச்சுக்கு உண்டல்லவா?

சென்னையிலிருந்து போன வழி

கூட்டாக வாங்கவும் ரொக்கம் வேண்டும். அதற்குக் கடன் சங்கம். இதன் வரலாற்றில் நம் பக்கத்துக் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஜெர்மனியில் ரைன் நதிப் பகுதியில் ஊர்த் தலைவராக இருந்த ஃபிரெடரிக் ரைஃபைசன் என்ற பக்திமிக்க புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர், கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக 1864-ல் ஒரு கடன் சங்கத்தை அமைத்தார். ஒருவரை ஒருவர் அறிந்த சிறு ஊர். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. இதுவே அவர் முறை. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடன் பற்றி ஆராய நியமிக்கப்பட்ட ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கையில் அந்த ரைஃபைசன் போன்ற மனிதரைத் தேடுங்கள் என்றே முடித்தார். 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது.

1907-ல் பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபைலீன் இந்தியாவுக்கு வந்தார். வங்காளக் கிராமங்களில் அந்தச் சட்டத்தின்கீழ் நடந்த சிறு கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியதும் அதற்காகப் பணமும் நேரமும் செலவிட்டார். கனடாவின் கியூபெக் பகுதியில் அல்ஃபோன்ஸ் டெஜார்டின் என்பவர் 1900-லேயே கத்தோலிக்கப் பங்குகளை அடிப்படையாகக் கொண்ட மக்கள் சேமிப்பகத்தைத் தொடங்கியிருந்தார். அதில் முதல் வைப்பு 10 சென்ட். முதல் நாள் வசூல் 26 டாலர் 40 சென்ட். இவர் உதவியோடு 1909-ல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. ஃபைலீனிடம் பணியாற்றிய ராய் பெர்கெங்கிரென் என்பவர்தான் பின்னாளில் ஆண்டிகொனிஷ் பாதிரியார்களின் அழைப்பை ஏற்று நோவா ஸ்கோஷியாவுக்கு வந்து சட்டம் எழுத உதவினார். 1932-ல் அச்சட்டம் வந்தது. ஊர் ஊராகக் கடன் சங்கங்கள் தோன்றின.

சட்டம் வந்த பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. சங்கம் வேண்டும் என்று கேட்கும் ஊரில் முதலில் படிப்பு வட்டம் நடக்க வேண்டும். பங்கு என்றால் என்ன, நட்டம் வந்தால் யார் பொறுப்பு, கணக்கை எப்படித் தணிக்கை செய்வது என்று பல மாதம் படித்த பிறகே சங்கம் பதிவாகும். உறுப்பினர் வாரந்தோறும் சில சென்ட் கட்டிப் பங்கைச் சேர்ப்பார். கணக்கு எழுதுபவர் அதே ஊர் மீனவர் அல்லது சுரங்கத் தொழிலாளர். நம் நாட்டில் இதே ரைஃபைசன் முறை சட்டமாகவும் பதிவாளராகவும் மேலிருந்து இறங்கி வந்தது. சங்கம் ஏற்பட்டது, படிப்பு வரவில்லை. உறுப்பினர் அதைச் சர்க்கார் பணம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

சமயம் எங்கே?

பாதிரியார்கள் நடத்தியது என்பதால் இது மதமாற்ற வேலையா என்று கேட்கலாம். இல்லை. படிப்பு வட்டத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட்டுகளும் கலந்தே இருந்தனர். ஐக்கியத் திருச்சபையைச் சேர்ந்த நெல்சன் மக்டொனால்ட் என்ற போதகர் கேப் பிரெட்டனில் இதற்காக ஊக்கத்தோடு உழைத்தார். உழைப்பாளருக்கு நியாயமான ஊதியமும் உடைமையும் வேண்டும் என்று 1891-ல் போப் 13-ஆம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், இவர்களுக்குத் துணிவு தந்தது என்பதும் உண்மை. சுரங்கப் பகுதியில் வளர்ந்துவந்த கம்யூனிஸ்டுத் தொழிற்சங்கத்துக்கு மாற்றாகத் திருச்சபை இதை விரும்பியது என்பதும் உண்மை. இதனால் இடதுசாரித் தொழிலாளர் சிலர் இதைச் சந்தேகத்தோடு பார்த்தனர். மறுபக்கம், வியாபாரிகளோ பாதிரியார்களையே கம்யூனிஸ்டுகள் என்றார்கள்.

டாம்ப்கின்ஸ் பாதிரியார் 1935-ல் ரிசர்வ் மைன்ஸ் என்ற சுரங்க ஊருக்கு மாறினார். தம் வீட்டையே நூலகமாக்கினார். சுரங்க நிறுவனத்தின் இடிந்த வீடுகளில் குடியிருந்த தொழிலாளர் சிலர் சொந்த வீடு கட்ட எண்ணினர். மேரி ஆர்னால்டு என்ற அமெரிக்கப் பெண்மணி வந்து உதவினார். வீட்டுக் கடன், நிலம், கட்டடக் கணக்கு ஆகியவற்றை நெடுநாள் படித்து, அட்டையில் மாதிரி வீடு செய்து பார்த்த பிறகே கடைக்கால் தோண்டினார்கள். சுரங்கத்தில் வேலை முடித்து வந்து, தங்கள் கையாலேயே கட்டினார்கள். 1938-ல் குடியேறிய அந்தக் குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர் வைத்தனர்.

பின்னர் நேர்ந்தது

இந்தச் சங்கங்கள் எல்லாம் நிலைத்துவிட்டன என்று எழுதினால் அது பொய்யாகும். 1939-ல் போர் வந்தது. விலைகள் உயர்ந்தன, வேலையும் கிடைத்தது. சமையலறைக் கூட்டங்கள் குறைந்தன. 1943-ல் ஆண்டிகொனிஷில் தொடங்கிய வானொலி நிலையத்தின் வழியாக மக்கள் பள்ளி நடத்திப் பார்த்தார்கள். அது பயனுடையதே என்றாலும், எதிரே உட்கார்ந்து வழக்காடுவதற்கு ஈடாகாது. சங்கங்கள் பெரிதாயின, சம்பள மேலாளர்கள் வந்தனர், உறுப்பினர் என்பவர் வாடிக்கையாளர் ஆனார். மீனவர் கூட்டமைப்பு 1980-களின் இறுதியில் கடனில் வீழ்ந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததால் காட் மீன் வளமே அழிந்து, 1990-களின் தொடக்கத்தில் கனடா அரசு அட்லாண்டிக் கடலோரத்தின் பெரும்பகுதியில் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. கடலில் எவ்வளவு மீன் மிச்சம் இருக்கிறது என்பதைப் படிக்க எந்த வட்டமும் அப்போது கூடவில்லை. நிலத்தடி நீரைப் பற்றி நாம் வட்டம் கூட்டாததும் இதைப் போன்றதே.

கடன் சங்கங்கள் மட்டும், ஒன்றோடொன்று இணைந்து உருமாறினாலும், இன்றும் அங்கே நடக்கின்றன. கோடி பாதிரியார் 1959-ல் காலமானார். அவர் பெயரில் அதே ஆண்டு பல்கலைக்கழகத்தில் ஏற்பட்ட பயிற்சி நிலையத்துக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஊழியர்கள் சென்று பயின்றனர். இந்தியாவிலிருந்தும் பலர் போய் வந்திருக்கிறார்கள்.

யூரியா விலை கேட்ட அந்தக் கிராமத்துக்கு நான் மறுபடியும் போனேன், பல ஆண்டுகள் தாமதமாக. கேட்ட பெரியவர் இல்லை. அவர் மகனும் இன்னும் ஏழு பேரும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு பருவத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆகும் இடுபொருள் செலவை, ரொக்க விலை, கடன் விலை, நெல் போட்ட விலை என்று மூன்று பத்தியாக எழுதுவதே எங்கள் முதல் வேலை. அதற்கு மூன்று வாரம் பிடித்தது. கடைச் சீட்டை எடுத்து வைத்திருந்தவர் எட்டுப் பேரில் ஒருவர்தான். அதுவும் அவர் மனைவி அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தது.